அவசரம்: நத்தைகள் கவிழ்ந்து கிடக்கின்றன, பவளம் திறக்கவில்லை

அலஸ்தோட்டம்_பையன்:
வணக்கம். திருகோணமலையில் புதிதாக உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைத்திருக்கிறேன், இரண்டடி. ஆரம்பத்தில் எல்லாம் நன்றாக இருந்தது. இந்தக் கிழமை நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுந்து கவிழ்ந்து கிடக்கின்றன. நிமிர்த்தி விட்டாலும் நகரவில்லை, ஒன்று செத்தே போய்விட்டது. பொத்தான் பவளமும் மூடியே இருக்கிறது. நீமோ மீன்கள் இரண்டும் நன்றாகச் சாப்பிடுகின்றன. என்ன மருந்து போடலாம்? இன்னொன்று, கல் போதாது போல இருக்கிறது. புறாத்தீவில் கிடக்கிற செத்த பவளக்கல்லைக் கொண்டுவந்து போடலாமா? கெதியாகச் சொல்லுங்கள்.

நிலாவெளி_நீலன்:
தம்பி, மருந்து ஒன்றும் போடாதீர்கள். மீன் மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கிறது. மீன் தாங்கும், நத்தையும் பவளமும் தாங்காது. செத்த நத்தையை உடனே வெளியே எடுங்கள், அழுகினால் அமோனியா ஏறும். தொட்டி வைத்து எவ்வளவு காலம்? வெப்பநிலை என்ன? அமோனியா, நைட்ரைட் பார்த்தீர்களா? உப்பளவு? தண்ணீர் எங்கே எடுத்தது?

பழைய_தூண்டில்:
இதே கேள்வி மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது. தொட்டியை வைத்து, தண்ணீரை ஊற்றி, அடுத்த நாளே மீனை விட்டிருப்பீர்கள். நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேறி அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றப் பழக 4 முதல் 6 கிழமை வேண்டும். அதைத்தான் சுழற்சி என்கிறோம். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் நன்னீரில் கப்பி மீன் வளர்க்கலாம். இந்தத் தளத்தின் பழைய உரையாடல் இழைகளை வாசித்துவிட்டு வாருங்கள்.

மூதூர்_முகில்:
எனக்கென்னவோ செம்பு என்றுதான் படுகிறது. மீனுக்கு ஒன்றுமில்லை, நத்தைக்கும் பவளத்துக்கும் மட்டும் வருத்தம் என்றால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். தண்ணீர் மோட்டரில் வருகிறதா? பித்தளை வால்வு, செம்புக் கம்பி எதுவும் தொட்டித் தண்ணீரில் படுகிறதா?

அலஸ்தோட்டம்_பையன்:
மருந்து போடவில்லை, செம்பும் இல்லை. தொட்டி வைத்து இரண்டு மாதத்துக்கு மேல், மீன் விட்டது போன மாதம். அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10. வெப்பநிலை 30க்குப் போனதால் தண்ணீருக்கு மேலே ஒரு சின்ன ஃபேன் பூட்டினேன், இப்போது 27. அதற்குப் பிறகு தண்ணீர் வேகமாகக் குறைகிறது, தினமும் நிரப்பி விடுகிறேன். உப்பு அளக்கும் கருவி இல்லை. கடல்தண்ணீர்தானே, அளவு சரியாகத்தான் இருக்கும்.

பழைய_தூண்டில்:
கடைக் கிட்டில் 0 காட்டினால் 0 என்று நம்பிவிடுவதா? போத்தலைக் குலுக்கினீர்களா? காலாவதித் திகதி பார்த்தீர்களா? நான் சொல்வது சுழற்சிப் பிரச்சினை.

பாறைமீன்:
புறாத்தீவுக் கல்லைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. கரையில் செத்துக் கிடக்கிறதை எடுத்தால் யாருக்கு நட்டம்? எங்கள் ஊர்க் கடல்தானே. நாலு கல் எடுத்தால் தீவு கரைந்துவிடாது.

நிலாவெளி_நீலன்:
தயவுசெய்து எடுக்காதீர்கள். புறாத்தீவு 1963 முதல் சரணாலயம், 2003 முதல் தேசியப் பூங்கா. உயிருள்ளதோ செத்ததோ, அங்கிருந்து எதையும் கொண்டுவரக் கூடாது. பூங்காவுக்கு வெளியேயும் பவளம் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர்.

சட்டம் ஒரு பக்கம். அந்தச் செத்த கல்லில்தான் புதுப் பவளக் குஞ்சுகள் வந்து ஒட்டுகின்றன. உறுதியான தளம் இல்லாத இடத்தில் அவை பிழைப்பதில்லை. 1998இல் கடல் சூடாகி உலகெங்கும் பவளம் வெளுத்தது, 2016இலும் வெளுத்தது. அப்படி அடிபட்ட இடங்கள் மறுபடி முளைப்பதற்கு விதைநிலம் அந்தக் கற்கள்தான். இலங்கையின் தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை உடைத்து எடுத்த இடங்களில் கடல் எப்படிக் கரையைத் தின்றது என்று பாருங்கள்.

பாறைமீன்:
சுண்ணாம்புச் சூளைக்கு லொறி லொறியாக ஏற்றியதையும் ஒரு பையன் நாலு கல் எடுப்பதையும் ஒன்றாகப் பேசாதீர்கள். வருகிற பயணிகள் உயிருள்ள பவளத்தில் ஏறி மிதிக்கிறார்கள். அதை முதலில் நிறுத்துங்கள்.

நிலாவெளி_நீலன்:
அதையும் நிறுத்தத்தான் வேண்டும். பவளத்தை மிதிக்காதே என்று படகில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிற ஆள் நான். பயணி மிதிக்கிறான் என்பதற்காக ஊர்க்காரர் பெயர்த்து எடுக்கலாமா?

தம்பிக்கு: கல் வேண்டுமென்றால் கடையில் உலர்கல் கிடைக்கும். அதுவும் கிடைக்காவிட்டால், வடிகட்டியில் போடுகிற செராமிக் வளையங்களை ஒரு வலைப்பையில் கட்டி நீரோட்டம் உள்ள இடத்தில் வையுங்கள். நுண்ணுயிருக்கு அந்தத் துளைகள் போதும். கடலிலிருந்து ஈரமாகக் கொண்டுவரும் கல்லில் கடற்பஞ்சும் புழுவும் செத்து அழுகும். இருக்கிற தொட்டியும் கெட்டுவிடும்.

மூதூர்_முகில்:
கடல்தண்ணீரை எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று இன்னும் சொல்லவில்லை. உட்துறைமுகப் பக்கம் என்றால் படகு டீசல் கலந்திருக்கும். கொட்டியார் குடா என்றால் மகாவலி வந்து விழுகிற இடம், மழைக்காலத்தில் உப்பு குறைந்துவிடும். என் கருத்தில் மீன்தொட்டிக்கென்று விற்கிற பாக்கெட் கடலுப்பைக் கரைத்துப் பாவிப்பதுதான் பாதுகாப்பு.

பாறைமீன்:
வாசலில் கடலை வைத்துக்கொண்டு காசு கொடுத்து உப்பு வாங்குவதா? உப்புவெளிக் கடல்தண்ணீரை விடச் சுத்தமாக எந்தப் பாக்கெட் தரப்போகிறது?

பழைய_தூண்டில்:
மார்கழி மழையில் அதே உப்புவெளியில் எடுத்துப் பாருங்கள், கலங்கல்தான் வரும். கொழும்பில் எங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. எப்போதும் பாக்கெட் உப்பும், சவ்வில் வடிகட்டி உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரும்தான். ஒரே அளவு, ஒரே தரம்.

கிண்ணியா_டீச்சர்:
கடல்தண்ணீரா பாக்கெட் உப்பா என்பதைப் பிறகு பேசலாம். தம்பி, நான் கேட்பது ஒன்றுதான். தினமும் நிரப்பி விடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தண்ணீரால் நிரப்புகிறீர்கள்?

அலஸ்தோட்டம்_பையன்:
கடல்தண்ணீர்தான் டீச்சர். உப்புவெளியில் கேனில் பிடித்து வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு லீட்டர் அளவு.

கிண்ணியா_டீச்சர்:
அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அந்த இடத்தைக் கடல்தண்ணீரால் நிரப்பினால் ஒவ்வொரு லீட்டரோடும் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கூடுதலாகச் சேரும். 24×12×12 அங்குலத் தொட்டியில் 56 லீட்டர் பிடிக்கும். கல், மணல் போக 45 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிழமையில் 245 கிராம் உப்பு ஏறினால், லீட்டருக்கு 35 கிராமாக இருந்தது 40ஐத் தாண்டிவிடும். நத்தைக்கும் பவளத்துக்கும் அது பெரிய அடி. நீமோ போன்ற மீன்கள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அதனால்தான் அவை சாப்பிடுகின்றன. கச்சான் காற்று அடிக்கிற காலம், அதற்கு மேல் ஃபேன் காற்று வேறு. தண்ணீர் வேகமாகத்தான் குறையும். ஃபேன் தேவைதான், கழற்ற வேண்டாம்.

அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள், அல்லது வைத்திருப்பவரிடம் கொஞ்சம் தொட்டித் தண்ணீரைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கருவியை வெறும் தண்ணீரில் 0க்குச் சரிபார்த்தால் போதாது, 35இல் பிழை காட்டலாம். 36.5 கிராம் சுத்தமான உப்பை 963.5 கிராம் நல்ல தண்ணீரில் கரைத்தால் அந்தக் கரைசல் 35 காட்ட வேண்டும். சமையல் தராசு இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

உப்பு ஏறியிருந்தால் ஒரே நாளில் இறக்காதீர்கள். தொட்டியிலிருந்து ஒரு லீட்டர் எடுத்துவிட்டு ஒரு லீட்டர் ஆர்.ஓ. தண்ணீர் விட்டால் உப்பளவு லீட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம் குறையும். ஒரு நாளைக்கு அது போதும். நீரோட்டம் உள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். 35 வந்தபின் குறைகிற தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்து, தினமும் அதுவரை நிரப்புங்கள். தண்ணீர் மாற்றும் நாளில் மட்டும் கடல்தண்ணீர்.

மூதூர்_முகில்:
டீச்சர் சொல்வது பொருந்துகிறது. கிணற்றுத் தண்ணீர் விடலாமா என்று அடுத்துக் கேட்பார், இப்போதே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். கரைப்பக்கக் கிணறு உவர், உள்ளூர்க் கிணற்றில் உரத்து நைட்ரேட் இருக்கலாம். குழாய்த் தண்ணீரில் குளோரின்.

பழைய_தூண்டில்:
உப்பு அளக்கும் கருவி இல்லாமல் தொட்டி தொடங்கக் கூடாது என்பதைத்தான் நாங்கள் எப்போதும் சொல்கிறோம்.

பாறைமீன்:
நீங்கள் சொன்னது சுழற்சி. உப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேலே போய்ப் பாருங்கள்.

நிலாவெளி_நீலன்:
இருவரும் விடுங்கள், பையன் அளந்துவிட்டு வரட்டும். தம்பி, இன்னொரு விஷயம். கரண்ட் போகும் ஊர் நம்முடையது. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். பம்பும் ஃபேனும் நின்றால் தண்ணீர் சூடாகும், மீனுக்கு மூச்சு முட்டும்.

அலஸ்தோட்டம்_பையன்:
கடையில் அளந்தேன், 41. டீச்சர் சொன்னபடி குறைத்துக்கொண்டு வருகிறேன், இன்று 38. இரண்டு நத்தைகள் நகர்கின்றன. பவளம் இன்னும் பாதி மூடித்தான் இருக்கிறது. கல் எடுக்கப் போகவில்லை. நன்றி எல்லோருக்கும்.

கிண்ணியா_டீச்சர்:
நல்லது. 35 வரும்வரை இதே வேகம், அவசரப்பட வேண்டாம். பவளம் திறக்க இன்னும் சில நாள் ஆகலாம், அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காதீர்கள். கேனில் மிச்சமுள்ள கடல்தண்ணீரையும் அளந்து, கேன் மேலே எழுதி வையுங்கள்.