ஹார்னுக்குத் தமிழ் என்ன? (அவசரம்)

பாடநூல்காரன்:
அன்பர்களே, வணக்கம். தொழிற்கல்விப் பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கெடு. ஹார்ன், விசில், சைரன் மூன்றும் ஒரே பக்கத்தில் வருகின்றன. மூன்றுக்கும் ‘ஒலிப்பான்’ என்று போட்டால் மாணவர் குழம்புவார். ஹார்னுக்குள் அதிரும் டயாப்ரத்துக்கும் ஒரு சொல் வேண்டும். கையில் உள்ள பட்டியலில் ‘உதரவிதானம்’ என்று இருக்கிறது. அது நம் வயிற்றுக்கு மேலே உள்ள தசையின் பெயர். ஹார்னுக்கு ஏது உதரம்?

கொம்பன்:
ஹார்ன் என்றாலே கொம்புதான். விலங்கின் கொம்பை ஊதியதால் வந்த பெயர். நமக்கும் ஊதுகொம்பு உண்டு; சங்கப் பாடல்களில் அதற்கு ‘வயிர்’ என்று தனிப்பெயரே இருக்கிறது. ஆகவே ஹார்ன் வயிர், சைரன் சங்கு. ஆலைச் சங்கு என்று மக்கள் ஏற்கெனவே சொல்கிறார்களே! ‘கோடு’ என்பதையும் விட்டுவிடக் கூடாது. விலங்கின் கொம்பு, யானைத் தந்தம், மரக்கிளை, மலையுச்சி, சங்கு எல்லாம் கோடுதான். கொடு என்றால் வளைவு, வளைந்ததெல்லாம் கோடு. அந்தச் சொல் இன்று நேர்கோட்டில் வந்து நிற்பது தனிக்கதை, அதைப் பிறகு எழுதுகிறேன்.

பாடநூல்காரன்:
ஐயா, ‘வயிரை அழுத்து’ என்று எழுதினால் பையன் வயிற்றை அழுத்துவான்.

பணிமனை:
சொல்லுக்கு முன்னால் பொருளைப் பாருங்கள். நேற்றுத்தான் ஒரு காற்று ஹார்னைக் கழற்றினேன். பின்மூடியை எடுத்தால் உள்ளே மெல்லிய வட்டத் தகடு, குழாயின் வாயை அழுத்தி மூடியபடி. அழுத்தக் காற்று வந்ததும் தகடு ஒரு மயிரிழை தூக்கும், காற்று குழாய்க்குள் பாயும். பாய்ந்ததும் அழுத்தம் குறையும், தகடு திரும்பி வந்து வாயில் அடிக்கும். நொடிக்குச் சில நூறு தடவை இப்படி. குழாய் நீண்டால் சுருதி இறங்கும். வழக்கமான கார் ஹார்னிலும் தகடுதான், ஆனால் இழுப்பது மின்காந்தம். இழுத்த மாத்திரத்தில் தொடுமுனை பிரிந்து மின்சாரம் அறும், தகடு பின்வாங்கும், முனை மறுபடி தொடும்.

நீராவி எஞ்சின் விசிலில் தகடே கிடையாது. இடுக்கு வழியாக வரும் ஆவி விளிம்பில் மோதும், அவ்வளவுதான், புல்லாங்குழல் கணக்கு. சைரனிலோ துளையிட்ட தட்டு சுழன்று காற்றை நறுக்கும். ஆக, டீசல் ரயில் ‘விசில் அடிக்கிறது’ என்கிறோமே, அது ஹார்ன். டயாப்ரத்துக்கு ‘அதிர்தகடு’ போதும்.

இலக்கணி:
அதிர்தகடு அருமை, வினைத்தொகை. ஆனால் ‘ஒலிப்பான்’ எனக்கு ஒப்பவில்லை. ‘நாளை அவன் ஒலிப்பான்’ என்பது வினைமுற்று அல்லவா? ‘ஊதி’ என்று வையுங்கள்.

பணிமனை:
‘ஊதி அணைத்தான்’ என்பதில் ஊதி வினையெச்சம். முற்றை விட எச்சம் தேவலையா?

கொம்பன்:
இதற்குத்தான் வயிர் என்றேன்.

யாப்பன்:
பொருளை விட்டுவிட்டீர்கள், ஹார்ன் என்ன சொல்கிறது என்பதுதானே முக்கியம்? குறுகிய ஊதலைக் குறில் என்றும் நீண்டதை நெடில் என்றும் சொல்லலாம். அமெரிக்க ரயில்கள் சாலைக் கடவையை நெருங்கும்போது நெடில், நெடில், குறில், நெடில் என்று ஊதவேண்டும். செய்யுளைப் போல் அசை பிரித்து அலகிட்டுப் பாருங்கள், கடைசிக் குறிலும் நெடிலும் சேர்ந்து ஓர் அசை: நேர், நேர், நிரை. தேமாங்கனி! எஞ்சின் கடவையை எட்டும்வரை கடைசி நெடிலை இழுப்பார்கள்.

இலக்கணி:
சீர் சரி, மாத்திரை இடிக்கிறது. நெடில் குறிலைப் போல் இரு மடங்கு. 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளில் குறுகிய ஊதல் ஏறத்தாழ 1 நொடி, நீண்டது 4 முதல் 6 நொடி. அது நெடில் அல்ல, நெடிலையும் தாண்டி நீளும் அளபெடை. ஒரு குறில் என்றால் கப்பல் வலப்பக்கம் திரும்புகிறது, இரண்டு என்றால் இடப்பக்கம், மூன்று என்றால் எஞ்சின் பின்னோக்கி இயங்குகிறது. இன்னொரு வேடிக்கை, அந்த விதிகளில் ‘விசில்’ என்ற சொல் இந்த ஊதல்களை எழுப்பவல்ல எந்தக் கருவிக்கும் பொருந்தும். பணிமனை ஐயாவின் அதிர்தகட்டையும் அவர்கள் விசில் என்றே எழுதுவார்கள்.

பணிமனை:
அப்படியானால் கப்பல்காரர்கள் திருந்தட்டும்.

பாடநூல்காரன்:
கெடு நாளை. ஹார்னுக்கு ஒலிப்பான், விசிலுக்கு ஊதல், சைரனுக்குச் சங்கு, அதிர்தகடு அப்படியே. குறிலும் நெடிலும் எனக்குப் பிடித்துத்தான் இருக்கின்றன, ஆனால் பதிப்பாசிரியர் சிரிப்பார். ‘குற்றொலி, நெட்டொலி’ என்று போட்டுவிட்டேன். பதிப்பாசிரியருக்கு அனுப்பியாயிற்று. அனைவருக்கும் நன்றி.

கொம்பன்:
சங்கு மட்டும் நுழைந்தது, வயிர் வெளியே நிற்கிறது. இரண்டும் சேர்ந்தே ஊதப்பட்டவை. அடிக்குறிப்பிலாவது போடுங்கள், ஐயா. ‘கோடு’ பற்றிய மடலை இன்றிரவு அனுப்புகிறேன்.