50 மீற்றர் ஆழத்துல முருகைக்கல் எப்பிடி வளருது?

கல்லடிப் பொடியன்: பாசிக்குடாவுல சூடு கூடினா கரைப்பக்கத்து முருகைக்கல் வெளுக்குது, ஆனா 1942ல மட்டக்களப்புக் கடல்ல தாண்ட ஹேர்மிஸ் போர்க்கப்பல் 50 மீற்றருக்கும் கீழ கிடக்கு, சுழியோடின ஆக்கள் கப்பல் முழுக்க முருகை எண்டுறாங்க. வெயில் இல்லாம எப்பிடி?

நாவலடியான்: தம்பி, அங்க கறுப்பு முருகை, மென்முருகைதான் கூட. அதுகளுக்கு வெளிச்சம் தேவையில்ல, நீரோட்டத்துல வாற மிதவை உயிர்களப் பிடிச்சுத் திண்டே வளரும். உள்ளுக்குப் பாசி வெச்சிருக்கிற கல்முருகை வேற கதை, அந்தப் பாசிக்கு வெளிச்சம் வேணும். ஆழத்துல அது கொம்பு விடாம தட்டு மாதிரிப் பரந்து கிடக்கும், வாற கொஞ்ச நீல வெளிச்சத்தையும் விடாம வாங்க. சிலதுல நீலத்த செம்மஞ்சளா மாத்துற நிறமியும் இருக்கு. ஆனா வளர்ச்சி சரியான மெதுவு கா.

கல்லடிப் பொடியன்: அப்ப மேல செத்தா கீழ இருந்து குஞ்சு வந்து நிரப்பும்தானே அண்ணே?

வாகரை மச்சான்: கீழ இருக்கிற இனமெல்லாம் மேல வாழாது மச்சான். ஆழம் எண்டா தப்பும் எண்டும் இல்ல, 2019ல இந்து சமுத்திரத்துல சாகோஸ் தீவுப்பக்கம் குளிர்தண்ணி அடுக்கு இன்னும் கீழ இறங்க, சூட்டுத்தண்ணி பட்டு 90 மீற்றர்லயே முருகை வெளுத்தது. மறுகா நங்கூரம், வலை சிக்கினா முறியிறது தனிக் கணக்கு.