தெருப் படத்தில் அக்காவின் போன் நம்பர் தெரிகிறது, எடுக்க என்ன வழி?

பெரம்பூர்த்தம்பி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எங்கள் வீடு பெரம்பூரில் ஒரு குறுக்குத் தெருவில். கீழே அம்மாவும் அக்காவும், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். நான் வேலைக்காகக் கோயம்புத்தூரில் இருக்கிறேன். போன வாரம் நண்பன் ஒருவனுக்கு வழி காட்ட ஆன்லைன் மேப்பைத் திறந்து, தெருவில் நடந்து போவது போலக் காட்டுமே, அந்தப் படத்துக்குள் போனேன். எங்கள் வீடு அப்படியே நிற்கிறது. கேட்டில் கம்பி போட்டுக் கட்டிய தகரப் பலகை, நீலத்தில் மஞ்சள் எழுத்து, "6 முதல் 10 வரை கணக்கு டியூஷன்" என்று. அதன் கீழே அக்காவின் செல் நம்பர், பத்து இலக்கமும் பளிச்சென்று. கேட்டுக்கு உள்ளே படியில் அம்மா முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முகத்தை பிளர் செய்திருக்கிறார்கள். ஆனால் மூட்டு வலி காரணமாக இடது காலை நீட்டி உட்காரும் அந்த விதத்தைப் பார்த்தால் எங்கள் சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் யாருக்கும் அது அம்மாதான் என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

அக்கா டியூஷனை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிறது, பலகையை அப்போதே கழற்றிவிட்டோம். ஆனால் நாலு மாதமாக ஒருவன் ராத்திரியில் கூப்பிடுகிறான். "வாசலில் வேப்பமரம் இருக்கிற வீடுதானே" என்று கேட்டானாம். படத்தில் பார்த்தானா, நேரில் வந்து பார்த்தானா, எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா பயந்துபோய் இருக்கிறார். வீட்டையே மொத்தமாக மறைத்துவிடலாமா? அப்படிச் செய்ய முடியுமா? சட்டம் ஏதாவது உதவுமா?

அளவைக்காரன்

தம்பி, நான் சர்வே வேலையில் இருப்பவன். முதலில் ஏன் இப்படி ஆகிறது என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எதை எப்படிக் கேட்பது என்று புரியும். தெருத்தெருவாகக் கேமராக் கார் ஓட்டி எடுக்கும் இந்தப் படத்தில் முகத்தையும் வண்டி நம்பர் பிளேட்டையும் ஆள் உட்கார்ந்து மறைப்பதில்லை, மென்பொருள்தான் தேடி மறைக்கிறது. கூகுள் 2007-ல் அமெரிக்காவில் 5 நகரங்களில் இதைத் தொடங்கியபோது அந்த மறைப்பே கிடையாது. கூச்சல் எழுந்த பிறகு 2008-ல்தான் வந்தது. இந்த மென்பொருள் தேடுவது முகம் மாதிரி ஒன்றையும் நம்பர் பிளேட் மாதிரி ஒன்றையும்தான். 2016-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஆற்றங்கரையில் நின்ற ஒரு மாட்டின் முகத்தை அது மறைத்துவைத்திருந்தது பெரிய செய்தியானது. மாட்டை மறைக்கத் தெரிந்ததற்கு, கேட்டில் தொங்கும் செல் நம்பர் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தொந்தரவு தரும் என்று தெரியாது. அதை நாம்தான் சொல்லியாக வேண்டும்.

எந்த மேப் என்று நீங்கள் எழுதவில்லை. கூகுளாக இருந்தால் வழி இதுதான். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தால் கீழே வலது ஓரத்தில் சின்ன எழுத்தில் "ரிப்போர்ட் எ பிராப்ளம்" என்று இருக்கும். அதை அழுத்தினால் ஒரு பக்கம் வரும், அதில் படத்தை நகர்த்திப் பலகை கட்டத்துக்குள் வரும்படி வையுங்கள். என்ன மறைக்க வேண்டும் என்ற கேள்விக்கு முகம், வீடு, வண்டி, வேறு பொருள் என்று தனித்தனியாக இருக்கும். பலகைக்கு "வேறு பொருள்" போட்டு, இது தனிப்பட்ட செல் நம்பர், இதனால் தொல்லை அழைப்புகள் வருகின்றன என்று இரண்டு வரி எழுதுங்கள். அப்புறம் ஒரு விஷயம், பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். கார் சில அடிக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே போகும். அதே பலகை முந்தைய புள்ளியிலிருந்தும் அடுத்த புள்ளியிலிருந்தும் தெரியும். தெருவின் இரண்டு பக்கமும் நகர்த்திப் பார்த்து, நம்பர் படிக்க முடிகிற ஒவ்வொரு இடத்திலிருந்தும் அனுப்புங்கள். வேறு தேதியில் எடுத்த படம் இருக்கிறதா என்றும் பாருங்கள். யாராவது தன் செல்போனில் எடுத்து ஏற்றிய படமாக இருந்தால் அதைத் தனியாகப் புகார் செய்ய வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. படத்தில் இருக்கும் எழுத்தைக் கணினியும் படிக்கும். 2012 வாக்கில் "நீங்கள் மனிதர்தானா" என்று இணையதளங்கள் சோதிக்கும் கட்டத்தில் வீட்டு எண் படங்கள் வந்தது ஞாபகம் இருக்கிறதா? அவை இந்தத் தெருப் படங்களிலிருந்து வெட்டியவை. அதனால் அந்த டியூஷன் பெயரில் மேப்பில் ஒரு இடம் பதிவாகியிருக்கிறதா, அதில் அக்காவின் நம்பர் இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய மாணவர்களின் பெற்றோர் நல்ல எண்ணத்திலேயே சேர்த்திருக்கலாம். இருந்தால் திருத்தம் பரிந்துரைக்கும் இடத்தில் போய், நிரந்தரமாக மூடப்பட்டது என்று போட்டு நம்பரையும் எடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டையே மறைப்பது பற்றி: முடியும். ஆனால் செய்துவிட்டால் திரும்பப் பெற முடியாது என்று அவர்களே சொல்கிறார்கள். மாடியில் குடியிருப்பவர்களையும் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

விடுதிப்பொறுப்பு

மறைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது தம்பி. இப்போது தெரியும் படத்தை, தேதியும் முகவரியும் வரும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அழைப்புப் பட்டியலையும் எடுத்து வையுங்கள். நம்பர் மறைந்த பிறகு "எங்கேயிருந்து கிடைத்திருக்கும்" என்று போலீஸ் கேட்டால் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

நான் ஒரு பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்கிறேன், இந்த மாதிரி அழைப்புகளை நிறையப் பார்த்தவள். விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் ஒரு பெண்ணை விடாமல் தொடர்புகொண்டால் அது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) 78-ஆவது பிரிவில் குற்றம். அதனால் அக்கா ஒரு தடவை தெளிவாக "இனிமேல் கூப்பிடாதீர்கள்" என்று மெசேஜ் அனுப்பிவிடட்டும், அது எழுத்தில் இருக்கட்டும். பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசலாம், எந்த ஸ்டேஷன், எப்படி எழுதுவது என்று வழி சொல்வார்கள். அக்காவைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களே ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்து கூடப் போங்கள். ஏன் பலகை மாட்டினாய் என்று தயவுசெய்து வீட்டில் யாரும் அக்காவைக் கேட்க வேண்டாம். நாலு தெரு பிள்ளைகள் படிக்க வருவதற்காக மாட்டிய பலகை அது. அந்த நாலு தெருவோடு நின்றிருக்க வேண்டிய நம்பர், உலகம் முழுக்கப் போனதற்கு அவர் என்ன செய்வார்?

பொதுவழி

வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு கேள்வி. தெருவில் நின்று பார்த்தால் தெரிவதைத்தானே படம் காட்டுகிறது? தெரு எல்லோருக்கும் பொது. இதில் சட்டப்படி என்ன தப்பு?

கருங்கோட்டு

பொதுவழி அவர்களே, தெருவில் நின்று பார்ப்பவன் யார் என்று நமக்கும் தெரியும், அது முக்கியம். புது ஆள் இரண்டு தடவை கேட்டைப் பார்த்தால் எதிர்வீட்டுப் பாட்டி "யாரப்பா வேணும்" என்று கேட்பார். படத்தில் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருவன் நூறு தடவை பெரிதாக்கிப் பார்த்தாலும் கேட்க ஆளில்லை. கேமராவும் மனிதக் கண் உயரத்தில் இருப்பதில்லை. ஜப்பானில் இதே புகார் வந்து, சுவருக்கு மேலாக வீட்டுக்குள் தெரிகிறது என்று மக்கள் சொன்னதால், 2009-ல் கூகுள் அங்கே கேமராவை 40 சென்டிமீட்டர் இறக்கி மறுபடி படமெடுக்க ஒத்துக்கொண்டது. நம் ஊர் காம்பவுண்டுச் சுவர் எத்தனை அடி என்று நினைத்துப் பாருங்கள்.

சட்டம் என்றால், இந்தத் தெருப் படத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 2011-ல் பெங்களூரில் படமெடுக்க ஆரம்பித்தபோது போலீஸ் நிறுத்தியது, 2016-ல் மத்திய அரசு அனுமதி மறுத்தது. இரண்டு தடவையும் பேசப்பட்டது நாட்டின் பாதுகாப்பு. வீட்டில் இருப்பவர்களின் அந்தரங்கம் அந்தப் பேச்சில் பெரிதாக வரவே இல்லை, எனக்கு இன்றைக்கும் அதுதான் ஆதங்கம். மத்திய அரசின் 2021 வழிகாட்டுதலின்படி தெருப் படம் எடுக்கும் வேலையை இந்திய நிறுவனங்கள் மட்டும் செய்யலாம் என்றானது. 2022 ஜூலையில் கூகுள், ஜெனிசிஸ், டெக் மஹிந்திரா ஆகியவற்றோடு சேர்ந்து 10 நகரங்களில் கொண்டுவந்தது, அதில் சென்னையும் ஒன்று. இந்திய மேப் நிறுவனமான மேப்மைஇந்தியாவும் அதே சமயத்தில் தன் படங்களை வெளியிட்டது.

அந்தரங்க உரிமை என்று பார்த்தால் நமக்குப் பக்கத்திலேயே பழைய தீர்ப்பு இருக்கிறது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில், 1994-ல் உச்ச நீதிமன்றம், தன்னைத் தனியே விட்டுவிடச் சொல்லும் உரிமை ஒருவருக்கு உண்டு, அது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்குள் வரும் என்றது. 2017-ல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் அதை அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டார்கள். 2023-ல் தனிநபர் தரவுச் சட்டம் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, நிறுவனங்களின் பெரிய கடமைகள் அமலுக்கு வர 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டத்தில், நாமே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கு அது பொருந்தாது என்று ஒரு விலக்கு உண்டு. பலகையை நீங்களே மாட்டினீர்கள் என்று எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. அதனால் இப்போதைக்குக் கோர்ட்டை நினைக்காமல், அளவைக்காரன் சொன்ன வழியில் போங்கள், அதுதான் சீக்கிரம் நடக்கும்.

ரைன்நதிக்கரை

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். வீட்டை முழுதாக மறைப்பது பற்றி ஒரு வார்த்தை. இங்கே 2010-ல் 20 நகரங்களுக்கு இந்தப் படங்கள் வந்தபோது, வெளியிடும் முன்பே 2,44,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் எங்கள் வீட்டை மறையுங்கள் என்று எழுதிக் கொடுத்தன. ஒரு கட்டடத்தில் ஒரு குடித்தனக்காரர் கேட்டாலே கட்டடம் முழுக்க மறைந்தது. எஸ்ஸன் நகரில் மறைத்த வீடுகளைத் தேடிப் போய்ச் சிலர் முட்டை அடித்தார்கள். தெருவில் பத்து வீடு தெளிவாக இருந்து ஒன்று மட்டும் பனி மூடினாற்போல் இருந்தால் கண் நேராக அங்கேதான் போகும். பிறகு பல வருஷம் புதுப் படமே எடுக்காமல் விட்டு, 2023-ல்தான் மறுபடி வெளியிட்டார்கள். பழைய விண்ணப்பங்கள் அப்போது செல்லவில்லை, வேண்டியவர்கள் திரும்பவும் கேட்க வேண்டியிருந்தது.

அதற்காகக் கேட்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. இங்கே படம் வெளிவருவதற்கு முன்பே மக்களுக்குக் கேட்க நேரம் கிடைத்தது, அது நம் ஊரிலும் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். உங்கள் விஷயத்தில் பலகையும் அம்மாவும் மறைந்தால் போதும் என்று தோன்றுகிறது.

டெலிவரிபாய்_சென்னை

ப்ரோ, நானும் அதையேதான் சொல்ல வந்தேன். சென்னையில் பழைய எண் 14, புதிய எண் 31 என்று ரெண்டு எண் இருக்கிற வீடு ஆயிரக்கணக்கில் இருக்கு. ஒரே தெருவில் ரெண்டு 14 இருக்கும். நான் தெருப் படத்தில் கேட் நிறத்தைப் பார்த்துதான் வீட்டைக் கண்டுபிடிக்கிறேன். மாடிக்குடித்தனத்தில் வயசானவர்களுக்கு மருந்து வந்தால் கேட் தெரிவது உதவும். நம்பரை மட்டும் எடுத்துவிடுங்கள், கேட்டும் மரமும் இருக்கட்டும். அக்காவுக்குத் தைரியம் சொல்லுங்கள்.

பெரம்பூர்த்தம்பி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து வந்துவிட்டேன். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்தாயிற்று. அக்காவோடு ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கினோம். அக்கா அனுப்பிய மெசேஜுக்குப் பிறகு இரண்டு நாளாக அழைப்பு இல்லை.

விடுதிப்பொறுப்பு அக்கா, நீங்கள் எழுதியதை அக்காவிடமே படித்துக் காட்டினேன். பலகை மாட்டியது தன் தப்புதான் என்று இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருந்தாராம்.

அளவைக்காரன் அண்ணன் சொன்னபடி நகர்த்திப் பார்த்தேன். மொத்தம் ஐந்து இடத்திலிருந்து நம்பரைப் படிக்க முடிகிறது, ஐந்துக்கும் அனுப்பியிருக்கிறேன். மேப்பில் "கணக்கு டியூஷன்" என்று ஒரு இடமும் பதிவாகியிருந்தது, அக்காவின் நம்பரோடு. எங்களுக்குத் தெரியவே தெரியாது. மூடப்பட்டது என்று திருத்தம் போட்டாயிற்று.

அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். தான் உட்கார்ந்திருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுவருக்கு மேலே, பக்கவாட்டுச் சந்தில் கொடியில் காயும் பாவாடைகளைக் காட்டி, "இதை முதலில் எடுக்கச் சொல்லு" என்றார். நான் அதைக் கவனிக்கவே இல்லை. தெருவில் நின்றால் அந்தக் கொடி தெரியாது, நானே வெளியே போய் நின்று பார்த்தேன், சுவர்தான் தெரிகிறது. அதற்கும் தனியாக ஒரு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன், அம்மாவை முழு உருவமாக மறைக்கவும் சேர்த்து. மாடிவீட்டுக்காரர்கள் வீடு தெரியட்டும் என்றார்கள், அதனால் வீட்டை விட்டுவிட்டோம்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். அதே படத்தில் எதிர்வீட்டு மாடியில் "வீடு வாடகைக்கு" பலகை, அந்தப் பாட்டியின் நம்பரோடு தெரிகிறது. அவர் தனியாக இருக்கிறார், ஸ்மார்ட்போன் கிடையாது. அவரிடம் கேட்டுவிட்டு என் மெயிலிலிருந்தே அனுப்பலாமா, வீட்டுக்காரர்தான் அனுப்ப வேண்டுமா? ஞாயிறு ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்புவதற்குள் யாராவது சொன்னால் முடித்துவிட்டே போவேன்.

அளவைக்காரன்

அனுப்பலாம் தம்பி. அந்த விண்ணப்பப் பக்கத்தில் மெயில்தான் கேட்பார்கள், வீட்டுப் பத்திரம் கேட்க மாட்டார்கள். பாட்டியிடம் நம்பர் இன்னும் அதேதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.