பேண்டு பார்க்கப் போய் ஃபுட்பாலில் மாட்டிக்கொண்டோம்

டெக்சாஸில் பிள்ளையை மார்ச்சிங் பேண்டில் சேர்த்துவிட்ட தமிழ் அப்பா அம்மாக்களுக்கு இந்த வியாதி எப்படியும் தொற்றிக்கொள்ளும் என்று நினைக்கிறேன். மகள் கிளாரினெட் வாசிப்பதைப் பார்க்கத்தான் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஸ்டேடியத்துக்குப் போக ஆரம்பித்தோம். இடைவேளையில் பேண்டுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் சூடு இறங்காத அலுமினிய பெஞ்சில் உட்கார்ந்து அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தைத்தானே பார்த்தாக வேண்டும்? முதல் வருஷம் பந்து யார் கையில் இருக்கிறது என்றே புரியவில்லை. கூட்டம் எழுந்தால் நாங்களும் எழுவோம். அடுத்த வருஷம் "மூணாவது டவுன், இன்னும் ஏழு யார்டு போகணும்" என்று என் மனைவி எனக்கே பாடம் எடுத்தாள்.

நாங்கள் இருப்பது டாலஸுக்கு வடக்கே, காலின் கவுண்டியில். பக்கத்து ஊர் ஆலனில் உயர்நிலைப் பள்ளிக்காக சுமார் 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தை 2012இல் திறந்தார்கள். இரண்டே வருஷத்தில் கான்கிரீட்டில் விரிசல் விட்டு, 2014 சீசன் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. அந்த வருஷமும் மாநிலப் பட்டம் ஆலனுக்குத்தான். கைலர் மரே அங்கே குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவராக, முதலிலிருந்தே களமிறங்கிய ஆட்டங்கள் 42, தோல்வி ஒன்றுகூட இல்லை. பிறகு 2018இல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கி, தொழில்முறை அணிகள் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் 2019 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். இந்தப் பக்கம் பள்ளி ஃபுட்பால் என்று வாயைத் திறந்தாலே அவர் கதையைத்தான் சொல்வார்கள். அந்த உயரத்துக்குப் போகாத பையன்களின் கதைதான் எனக்கு அதிகம் தெரியும்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த பையன் அவுட்சைட் லைன்பேக்கர், அதாவது தடுப்பாட்டக்காரன். அவன் அம்மா நர்ஸ், பெரும்பாலும் இரவு ஷிப்ட். நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன் என்பதால் அவனைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் மெதுவாக என் பொறுப்பாகிவிட்டது. வாய்க்கு வாய் ‘சார்’ போடுவான். இந்த ஊர்ப் பையன்களிடம் எனக்குப் பிடித்த விஷயம் அது.

பதினொன்றாம் வகுப்பில் செப்டம்பர் 1 வந்தால்தான் பெரிய கல்லூரிகளின் கோச்சுகள் பையனுக்கு நேரடியாக எழுதலாம் என்பது அப்போதைய விதி. அன்றைக்கே மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. அவன் அம்மா ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு போனை நீட்டி, "பாருங்கள், கேம்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்!" என்றார். கல்லூரிகள் நடத்தும் பயிற்சி முகாம் அது. கீழே வரை படித்தேன். கடைசியில் கட்டண விவரமும் பணம் கட்டும் லிங்க்கும் இருந்தன. அதே கடிதம் அந்த அணியில் பாதிப் பேருக்கு வந்திருக்கிறது என்று அப்புறம் தெரிந்தது. கோச் கைப்பட பெயர் போட்டு அனுப்புவது வேறு, இந்தச் சுற்றறிக்கை வேறு. ஆனால் முதல் தடவை வீட்டுக்கு வரும்போது யாரால் பிரித்துப் பார்க்க முடியும்?

மே மாதம் பள்ளியில் வசந்தகாலப் பயிற்சி நடக்கும்போது கல்லூரி கோச்சுகள் மைதான ஓரத்தில் வந்து நிற்பார்கள். எல்லோர் சட்டையிலும் பெரிய லோகோ. அந்த நாட்களில் பையனைப் பார்த்தால் ஹலோ சொல்லலாம், அதற்கு மேல் பேசக் கூடாது. நான் மகளைக் கூட்டிப்போகப் போனபோது ஒரு உதவி கோச்சைக் கவனித்தேன். பையனிடம் கை குலுக்கினார், மணிக்கட்டை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கார் அருகே நின்ற அவன் அம்மாவைத் தலை முதல் கால் வரை அளந்தார். பிறகு பள்ளி கோச்சின் பக்கம் திரும்பி, "அப்பா எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். பையன் இன்னும் வளர்வானா என்று கணக்குப் போடுகிறாராம். பள்ளி அணிப் பட்டியலில் அவன் உயரம் 6 அடி 2 அங்குலம். ஜூன் மாத கேம்பில் ஷூவைக் கழற்றச் சொல்லி டேப் வைத்தபோது 6 அடி, அரை அங்குலம். எழுதிக்கொண்டிருந்தவர் முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லை.

கோச்சுகள் பார்ப்பதற்காக ஹட்ல் என்ற தளத்தில் போடும் ஹைலைட் வீடியோவுக்கு நானும் உட்கார்ந்து உதவினேன். நாங்கள் மெனக்கெட்டு இசை சேர்த்து, அறிமுகமாகப் பெயரும் படமும் சுழல்வது போல் செய்திருந்தோம். பள்ளி கோச் அதை எல்லாம் தூக்கச் சொல்லிவிட்டார். நீ நன்றாக ஆடிய ஐந்து துண்டுகளை முதலில் வை, பந்து கிளம்பும் முன் உன்மேல் ஒரு வட்டம் போடு, அவ்வளவுதான், பார்க்கிறவன் அரை நிமிடத்தில் முடிவு செய்துவிடுவான் என்றார்.

சரி, ஆஃபர் விஷயத்துக்கு வருகிறேன். பதினொன்றாம் வகுப்பு முடிகிற நேரத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் உதவி கோச் போனில் கூப்பிட்டு ஆஃபர் என்றார், அதாவது ஸ்காலர்ஷிப்போடு அணியில் இடம். பையன் ட்விட்டரில் போட்டான், தெருவே வாழ்த்தியது, நாங்கள் கேசரி செய்து கொடுத்தோம். சீனியர் வருஷம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, ஆகஸ்ட் 1க்கு முன் எழுத்தில் எதுவும் தரக் கூடாது என்பதால் அது வெறும் வாய்ப்பேச்சு. அந்த உதவி கோச் வேறு கல்லூரிக்கு மாறினார். புதிதாக வந்தவர் இவன் போனை எடுக்கவே இல்லை. நம் ஊர் இன்ஜினியரிங் கவுன்சிலிங் மாதிரி ரேங்க் லிஸ்ட், கட்-ஆஃப் என்று இங்கே எதுவும் இல்லை. இருபத்து சொச்சம் இடத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பையன்களிடம் ஆஃபர் என்று சொல்லி வைப்பார்கள். அந்தக் கல்லூரியின் மேல் எனக்கு இன்னும் கடுப்பு உண்டு. ஆனால் விதியை மீறினார்கள் என்று சொல்ல முடியாது.

அந்த நேரத்தில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வேறு, கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல் அது. 2021இலிருந்து கல்லூரி மாறும் ஆட்டக்காரர் ஒரு வருஷம் வெளியே உட்காரத் தேவையில்லை என்று ஆனதும், பதினெட்டு வயசுப் பையனை வளர்த்தெடுப்பதைவிட இருபத்தோரு வயசுக்காரனை எடுப்பது கோச்சுக்குச் சௌகரியம். பள்ளியிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கான இடங்கள்தான் இதில் அடிவாங்கின.

கடைசியில் கதவைத் தட்டியது மேற்கு டெக்சாஸில் ஒரு டிவிஷன் 2 கல்லூரி, அதாவது கல்லூரி விளையாட்டில் இரண்டாம் அடுக்கு. அந்த கோச் கேட்ட முதல் கேள்வி நாற்பது யார்டு ஓட்டத்தைப் பற்றி இல்லை, மதிப்பெண்ணைப் பற்றி. டிவிஷன் 2இல் ஃபுட்பாலுக்கு 36 முழு ஸ்காலர்ஷிப் அளவுக்குத்தான் பணம், அதை நூறு பேர் இருக்கும் அணிக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுக்க வேண்டும். படிப்புக்கென்று கல்லூரி கொடுக்கும் உதவித்தொகை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கோச்சின் பையிலிருந்து மிச்சம். பையனுக்குக் கணக்கில் நல்ல கிரேடு. படிப்புப் பணம், வருமானம் குறைந்த வீடுகளுக்கு அரசு தரும் பெல் கிராண்ட், ஃபுட்பால் பணம் மூன்றையும் அவன் அம்மா எங்கள் சாப்பாட்டு மேஜையில் தாளில் எழுதிக் கூட்டினார். விடுதிச் செலவில் கொஞ்சம்தான் துண்டு விழுந்தது. பிப்ரவரியில் பள்ளி ஜிம்மில் தொப்பி போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை வைத்திருப்பவர்கள் கேட்பதால் சொல்கிறேன். டிவிஷன் 1, 2 இரண்டுக்கும் கல்லூரி விளையாட்டுகளுக்கான அமைப்பான என்சிஏஏ 16 அடிப்படைப் பாடங்களைக் கணக்கில் எடுக்கும். டிவிஷன் 1 என்றால் அதில் 10 பாடம் சீனியர் வருஷம் தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும், அந்தப் பாடங்களில் ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரி, 2.3க்குக் குறையக் கூடாது. இது தெரியாமல் பதினொன்றில் வந்து விழித்த பையனை எங்கள் பள்ளியிலேயே பார்த்திருக்கிறேன், நல்ல ஓட்டக்காரன். டெக்சாஸில் ஏதாவது பாடத்தில் 70க்குக் கீழே போனால் மூன்று வாரம் ஆடவும் முடியாது. டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென்று பணமே கிடையாது.

ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் எங்களுக்குத் தெரிந்த திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்கள் பையன் சாக்கர் ஆடியவன், கால் நீளம், ஃபுட்பாலில் பந்தை உதைக்க மட்டும் இறங்கும் கிக்கராகிவிட்டான். "பந்தைத் தூக்கி அடிக்கிறதுக்குத் தனி கோச்சிங்காம்ணே, அதுக்கு மணிக்கணக்குல ஃபீஸாம்" என்று அந்த அக்கா முதலில் என்னிடம் புலம்பினார். இப்போது அவரே கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்குகிறார். கிக்கருக்குப் பெரும்பாலும் முதலில் பிரிஃபெர்டு வாக்-ஆன்தான்: அணியில் இடம் உண்டு, பணம் இல்லை. அவனுக்கும் அப்படித்தான் ஒன்று வந்திருக்கிறது. இரண்டாம் வருஷம் ஸ்காலர்ஷிப் போட்டுத் தருவதாக கோச் போனில் சொன்னாராம்.

"எழுத்துல வாங்கினீங்களா?" என்றேன்.

"கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்களாண்ணே?"

பணிவாக ஒரு மின்னஞ்சல் போடச் சொன்னேன். பையனே எழுத வேண்டும், அம்மா அப்பா எழுதினால் கோச்சுகளுக்குப் பிடிக்காது என்பதையும் சொன்னேன். அனுப்பிவிட்டான். இன்னும் பதில் வரவில்லை.