இசாவின் பனித்துளிக் கவிதையில் ஒரு வரி விட்டுப்போய்விட்டதா?

தும்பி:
ஜப்பானியக் கவிஞர் கொபயாஷி இசாவின் இந்த ஹைக்கூவை எப்போதோ நோட்டில் எழுதி வைத்தேன்:

பனித்துளி உலகம்
பனித்துளி உலகம்தான்
ஆனாலும்

அதோடு நிற்கிறது. பார்த்து எழுதும்போது கடைசி வரியை விட்டுவிட்டேனா? ஆனாலும் என்ன? தவளைக்கும் ஈக்கும் பரிந்து பேசிய கலகலப்பான ஆள் என்றுதான் இவரை நினைத்திருந்தேன்.

பழுப்புத்தாள்:
எதுவும் விடவில்லை நண்பரே. ஜப்பானிய மூலமும் ‘சரி நகரா’ (ஆனாலும்) என்று அந்தரத்தில்தான் நிற்கிறது. முந்தைய வரியும் ‘நகரா’ என்றே முடியும். அந்த ஒலிக்காக நான் ‘பனித்துளி உலகமே என்றாலும் / ஆனாலும்’ என்று வைப்பேன்.

1819இல் எழுதியது. மகள் சாதோவுக்கு ஒரு வயது சொச்சம், பெரியம்மை. கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்ததும் வீட்டில் ஒரே சந்தோஷம். வைக்கோலில் ஒரு தட்டு செய்து வைத்து, வெந்நீர் தெளித்து, அம்மைத் தெய்வத்தை வழியனுப்பியும் விட்டார்கள். அப்புறம்தான் குழந்தை நாளுக்கு நாள் தளர்ந்தது. இறந்த முகத்தைக் கட்டிக்கொண்டு மனைவி கிக்கு அழுததை இசாவே எழுதியிருக்கிறார். ஓடின தண்ணீர் திரும்பாது, உதிர்ந்த பூ கிளைக்கு ஏறாது என்று தேறினவர்போல இருக்கப் பார்த்தாராம். பாசம் விடவில்லை. உலகம் பனித்துளி என்பது அவர் நம்பிய பௌத்தம் சொல்வது. அதை அவர் மறுக்கவில்லை. அதற்குமேல் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான்.

கலகலப்பு என்கிறீர்களே, ‘மெலிந்த தவளையே தோற்காதே, இசா இருக்கிறேன்’ என்றது 1816இல். அதே ஆண்டு பிறந்த முதல் மகன் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை.

ஓட்டுக்கூரை:
ஒரு சின்னத் திருத்தம். யாராவது சுருக்குகிறேன் என்று வெறும் ‘பனி’ என்று போட்டுவிடாதீர்கள். நமக்குப் புல்நுனியில் நிற்பதும் பனி, கூரையில் குவிவதும் பனி. இசாவின் ஊரான காஷிவபராவில் இரண்டாவதுதான் ஏராளம். வாலிபத்தில் எதோ நகருக்கு (இன்றைய டோக்கியோ) போனவர், தம்பியோடு சொத்துத் தகராறு முடியாத நிலையில் 1812இல் ஊர் திரும்பி, ‘இதுதானா என் கடைசி வீடு, ஐந்தடிப் பனி’ என்று எழுதினார்.

கடைசி வீடு அதுகூட இல்லை. 1827இல் ஊரே தீப்பிடித்து வீடு போய்விட்டது. தப்பிய மண்சுவர்க் களஞ்சியத்தில் குடியிருந்து, அந்தக் குளிர்காலத்திலேயே இறந்தார். களஞ்சியம் இன்றும் இருக்கிறது. அவர் போனபிறகு பிறந்த மகள் யாதா ஒருத்திதான் வளர்ந்து ஆளானாள்.

தும்பி:
நன்றி. ‘ஆனாலும்’ பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன். அழித்துவிட்டேன்.