ஆண்டு விழா நாடகத்துக்கு 24 அடிப் பின்திரை: பிள்ளைகளை வைத்து வரைய முடியுமா?

தமிழாசிரியை:

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பிப்ரவரியில் ஆண்டு விழா. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணகி வழக்குரைக்கும் காட்சியை நாடகமாகப் போடுகிறார்கள். மைதானத்து ஓரத்தில் இருக்கும் திறந்த கலையரங்கம்தான் மேடை. 24 அடி அகலம், 12 அடி உயரம். பின்னால் பாண்டியன் அரசவை வேண்டும். ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டிவிடலாம் என்கிறார் தலைமையாசிரியர். நாங்களே வரைகிறோம் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். நன்றாக வரையத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான், ஆனால் ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். என்ன துணி, என்ன பெயிண்ட், எங்கிருந்து தொடங்குவது?

சவுண்டு சர்வீஸ்:

ஃப்ளெக்ஸே அடிச்சிடுங்க டீச்சர். ஒரே நாளில் வேலை முடிஞ்சிடும். பசங்க வசனத்தைப் பார்க்கட்டும்.

பேனர்கார வாத்தியார்:

மேலே சொன்ன தம்பி லைட் போடுகிறவர் போல; ஃப்ளெக்ஸ் மேல் ஃபோகஸ் அடித்தால் எப்படிப் பளபளக்கும் என்று அவருக்கே தெரியும். முன்வரிசைக்காரர் கண்ணில் லைட்தான் தெரியும், பாண்டியன் தெரியமாட்டான். வரையுங்கள் டீச்சர். நான் மதுரையில் சினிமா பேனர் எழுதிக்கொண்டிருந்தவன்; ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர் ஆனேன். அதனால் ஃப்ளெக்ஸ் மேல் கொஞ்சம் வன்மமும் உண்டு, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

துணிக்குக் காடா (வெளுக்காத பருத்தித் துணி) போதும். நாலரை அடி அகலத்தில் கிடைத்தால் எட்டு மீட்டர் நீளத்தில் மூன்று துண்டு எடுத்து, தையல் படுக்கைவாக்கில் வரும்படி ஒட்டுப்போடச் சொல்லுங்கள். நெட்டுக்குத்தாகத் தைத்தால் தொங்கவிட்டதும் தையலை ஒட்டிச் சுருக்கம் விழும். மேலும் கீழும் கம்பு நுழைகிற அளவுக்கு மடித்துத் தைக்கட்டும். திறந்த மேடை என்கிறீர்கள், காற்று பிடித்தால் திரை பாய்மரம் மாதிரி உப்பும். கீழே மூங்கிலுக்குப் பதில் இரும்புக் குழாய் நுழைத்து, இரண்டு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள்.

வகுப்பறையில் விரித்து ஓரங்களை இழுத்து இறுக்கிய பிறகுதான் முதல் பூச்சு. காடா ஈரம் பட்டால் சுருங்கும். தளர விட்டுப் பூசினால் உங்கள் 24 அடி 24 அடியாக இருக்காது. சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் பெயிண்டில் விலை குறைந்த வெள்ளை 10 லிட்டர் வாளி ஒன்று வாங்கி, தண்ணீர் விட்டு இளக்கி, வெள்ளையடிக்கும் மட்டையால் பூசச் சொல்லுங்கள். கீழே பழைய பேனரை விரிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் துணி தரையோடு ஒட்டிக்கொள்ளும். (ஃப்ளெக்ஸுக்கு இந்த ஒரு உபயோகம் உண்டு.) எனாமல் என்கிற எண்ணெய்ப் பெயிண்ட் பக்கமே போகாதீர்கள். பளபளப்பு, நாற்றம், காய்ந்தால் விறைப்பு, போதாததற்குத் தீப்பிடிக்கும் பயம்.

வெளிர் நிறங்களுக்கு அதே எமல்ஷனில் ஸ்டெய்னர் (குப்பியில் வரும் நிறச் சாயம்) கலந்தால் சரி. கருஞ்சிவப்பு, கறுப்பு வேண்டுமென்று குப்பி குப்பியாக ஊற்றினால் வெளுப்பு போகாது, கையிலும் ஒட்டும். அந்த நிறங்களுக்குக் காவித்தூள், விளக்குக்கரி மாதிரித் தூள் வாங்கித் தண்ணீரில் குழைத்து ஃபெவிகால் சேருங்கள். அந்தக் காலத்தில் நாங்கள் ஃபெவிகாலுக்குப் பதில் வஜ்ஜிரப் பசை காய்ச்சுவோம், அந்த வாடை பள்ளிக்கு வேண்டாம். தூளைக் கொட்டும்போது மூக்கில் துணி கட்டியிருக்க வேண்டும். முக்கியமாக, ஒவ்வொரு நிறத்தையும் முழுத் திரைக்கும் போதுமான அளவு முதல் நாளே கலந்து மூடி வையுங்கள். பாதியில் தீர்ந்தால் அதே சிவப்பைத் திரும்பக் கலக்க எனக்கே வராது.

வரையத் தெரியாத பிள்ளைகள் கவலையை விடுங்கள். 24 அங்குலத்துக்கு 12 அங்குலத்தில் ஒரு படம் போட்டு அங்குலக் கட்டம் அடியுங்கள். துணியில் ஒரு அடிக் கட்டம். ஸ்கேல் வேண்டாம், நூலில் கரித்தூள் தடவி இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, ஒருவர் நடுவில் சுண்டிவிட்டால் நேர்கோடு விழும். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு. 288 கட்டம் வரும். ஒரு கட்டத்துக்குள் இருக்கிற கோட்டை யாரும் பார்த்துப் போடலாம். தூணுக்கு அட்டையில் ஒரு அச்சு வெட்டினால் அதையே திருப்பித் திருப்பி வைத்துக்கொள்ளலாம். பிரஷ்ஷை நீளக் கம்பில் கட்டி நின்றுகொண்டு வரையட்டும். குனிந்தால் நகம் நகமாக வரையத்தான் கை போகும், கடைசி வரிசைக்கு அது ஒன்றுமே தெரியாது. யாராவது ஒருவன் மேசை மேல் ஏறி நின்று போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்கட்டும். தூணும் சுவரும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள்: சிம்மாசனத்தைத் திரையில் வரையாதீர்கள். மன்னன் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் சிரிப்பு வரும். நடிகர் தலை உயரத்தில் வெறும் சுவர், மங்கலாக. வேலைப்பாடெல்லாம் மேலேயும் ஓரத்திலும்.

தமிழாசிரியை:

ஐயா, மிக்க நன்றி. தலைமையாசிரியரிடம் சம்மதம் வாங்கிவிட்டேன், துணிக்குச் சொல்லியாயிற்று. இன்னொரு சந்தேகம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் தூணின் நிழல் விழாதபடி விளக்கு வைத்ததாக வருகிறது. எங்கள் மேடையிலோ போன வருடம் நடித்தவர்களின் நிழல் பின்னால் ராட்சசன் மாதிரி விழுந்தது. திரை வரைந்தும் அப்படி ஆகிவிட்டால்?

சவுண்டு சர்வீஸ்:

அதுக்கு நான் இருக்கேன். முன்னாடி கீழே லைட் வைச்சா அப்படித்தான் விழும். இரண்டு பக்கமும் உயரத்தில் ஸ்டாண்ட் போட்டு இறக்கி அடிக்கச் சொல்லுங்க, நிழல் தரையோடு போயிடும். திரைக்கும் நடிக்கிறவங்களுக்கும் நடுவில் நாலு அடியாவது விடணும். அப்புறம், சோகக் காட்சின்னு நீல லைட் போட்டா வாத்தியார் சொன்ன காவியெல்லாம் கறுப்பாத்தான் தெரியும். முன்கூட்டியே சொல்லிடுறேன்.

பேனர்கார வாத்தியார்:

தம்பி சொல்வது சரி. ஒரு நாள் இருட்டின பிறகு அதே லைட்டில் திரையைத் தொங்கவிட்டுப் பாருங்கள் டீச்சர், திருத்த இரண்டு நாள் மிச்சம் இருக்கும்படி. விழா முடிந்ததும் மடிக்க வேண்டாம், மடிப்பில் பெயிண்ட் வெடிக்கும். குழாயில் சுருட்டுங்கள், வரைந்த பக்கம் வெளியே இருக்கட்டும்.