டிராயர் நிறைய யுஎஸ்பி-சி கேபிள்: எது எத்தனை வாட், எவ்வளவு வேகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மின்மினி:

என்னிடம் பத்துப் பன்னிரண்டு யுஎஸ்பி-சி கேபிள்கள் சேர்ந்துவிட்டன. போனோடு வந்தது, ஹெட்போனோடு வந்தது, தனியாக வாங்கியது எல்லாம் ஒரே டிராயரில் கலந்து கிடக்கின்றன, எது எதோடு வந்தது என்பதே மறந்துவிட்டது. இப்போது புதிதாக ஒரு எஸ்எஸ்டி (வெளியே மாட்டிக் கோப்புகளைச் சேமிக்கும் கருவி) வாங்கினேன். நொடிக்கு 1000 மெகாபைட் வரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, ஆனால் 100 ஜிபி வீடியோவை ஏற்ற முக்கால் மணி நேரம் ஆகிறது, வேகம் 40 மெகாபைட்டைத் தாண்டவே இல்லை. லேப்டாப்பிலும் ஒரு தொல்லை, 100 வாட் சார்ஜரில் போட்டாலும் மெதுவாகச் சார்ஜ் ஆகிறது என்று எச்சரிக்கை வருகிறது. தடிமனான ஒரு கேபிளை மாற்றிப் போட்டதும் எச்சரிக்கை போய்விட்டது. சரி, இதுதான் நல்ல கேபிள் என்று அதையே எஸ்எஸ்டியில் மாட்டினால் அங்கேயும் அதே 40! எல்லாவற்றையும் ஒருமுறை சோதித்துப் பிரித்து வைக்க வழி சொல்லுங்களேன்.

பழையகணினி:

கேபிளில் கரண்ட் ஒரு கணக்கு, டேட்டா வேறொரு கணக்கு. ஒன்றில் நன்றாக இருப்பது இன்னொன்றிலும் நன்றாக இருக்க வேண்டியதில்லை. 240 வாட் தாங்கும் கேபிள்களிலேயே யுஎஸ்பி 2.0 வேகம் மட்டும், அதாவது நொடிக்கு 480 மெகாபிட் மட்டும் தருபவை நிறைய உண்டு. உங்கள் தடிமன் கேபிள் அந்த ரகம்தான். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், ஆகவே 480 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 60 மெகாபைட், அதில் இதர செலவு போக கைக்கு வருவது 40 சொச்சம். நீங்கள் பார்த்த எண் அதுவேதான், எஸ்எஸ்டி மேல் குறை இல்லை.

காரணம் உள்ளே ஓடும் கம்பிகள். யுஎஸ்பி-சி முனையில் 24 பின்களுக்கு இடம் இருக்கிறது, ஆனால் சார்ஜிங்குக்கு என்று செய்த கேபிளில் மின்சாரத்துக்கான கம்பிகள், பழைய டேட்டா ஜோடி ஒன்று, சார்ஜரும் கருவியும் பேசிக்கொள்ள ஒரு கம்பி, அவ்வளவுதான் இருக்கும். வேகமான டேட்டாவுக்கான ஜோடிகளே அதில் கிடையாது. வெளியே பார்த்தால் முனை அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதால்தான் இவ்வளவு குழப்பமும். ஐபோன் 15 ப்ரோவையே எடுத்துக்கொள்ளுங்கள், போனுக்கு 10 ஜிகாபிட் வேகம் உண்டு, பெட்டியில் கூட வரும் கேபிளோ யுஎஸ்பி 2.0. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு இதைப் பெட்டியின் முகப்பிலேயே பெரிதாகச் சொல்ல வேண்டாமா என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

மின்சாரப் பக்கம்: இரு முனையும் யுஎஸ்பி-சி ஆன சாதாரண சி-டு-சி கேபிள் 3 ஆம்பியர் தாங்கும், 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் முனைக்குள் இ-மார்க்கர் என்ற சிறு சிப் இருக்க வேண்டும். "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று அது சொன்னால்தான் சார்ஜர் 100 வாட் வரை விடும். 2021-இல் வந்த பிடி 3.1 (பவர் டெலிவரி என்ற யுஎஸ்பி சார்ஜிங் விதிமுறை) படி 48 வோல்ட், 5 ஆம்பியர் என்று 240 வாட் வரை போகலாம். சிப் பதில் சொல்லாவிட்டால் சார்ஜர் 60-லேயே நின்றுவிடும். உங்களுக்கு எச்சரிக்கை வந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

தறிநூல்:

சோதிக்கும் வழியை நான் சொல்கிறேன், சமீபத்தில்தான் என் கேபிள்களை இப்படிப் பிரித்தேன். டேட்டாவுக்கு உங்கள் எஸ்எஸ்டியே போதும். லேப்டாப்பில் வேகமான போர்ட் எது என்று முதலில் உறுதி செய்துகொண்டு, அதே போர்ட், அதே எஸ்எஸ்டி, அதே பெரிய கோப்பு, கேபிளை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள். 40 வந்தால் 480 மெகாபிட், 400-க்கு மேல் வந்தால் 5 ஜிகாபிட், 1000-ஐ ஒட்டி வந்தால் 10 ஜிகாபிட். அதற்கு மேல் இந்த எஸ்எஸ்டியால் அளக்க முடியாது, ஆகவே 1000 காட்டும் கேபிள் 40 ஜிகாபிட் கேபிளாகவும் இருக்கலாம். மேக் என்றால் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யுஎஸ்பி பகுதியைத் திறந்தாலே இணைப்பின் வேகம் தெரியும், நகலெடுத்துப் பார்க்கும் வேலை மிச்சம்.

ஒரு கேபிள் திடீரென்று 40-க்கு இறங்கினால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். முனையைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். 5, 10 ஜிகாபிட் இணைப்பு, முனை இருக்கும் பக்கத்தைப் பொறுத்து போர்ட்டின் ஒரு பக்கத்துப் பின்களைத்தான் பயன்படுத்தும், அதில் ஒன்று பழுதாகியிருந்தால் கேபிள் நன்றாக இருந்தாலும் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் இருக்கும். எனக்கு இப்படி ஒன்று இரண்டு நாள் தண்ணி காட்டியது.

மின்சாரத்துக்கு, நடுவில் மாட்டும் யுஎஸ்பி-சி மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். வோல்ட், ஆம்பியர், வாட் எல்லாம் காட்டும், சில மீட்டர்கள் இ-மார்க்கரில் எழுதியிருப்பதையும் படித்துச் சொல்லும். பேட்டரி நன்றாக இறங்கியிருக்கும்போது அளந்து பாருங்கள், 90 சதவீதத்தில் எந்தக் கேபிளைப் போட்டாலும் எண் குறைவாகத்தான் வரும்.

மின்மினி:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, நேற்று மாலை முழுக்க இதே வேலை. பதினொன்றில் ஏழு வெறும் 480 மெகாபிட்! இரண்டு மட்டும் 1000-ஐத் தொட்டன, அதில் ஒன்று எஸ்எஸ்டி பெட்டியிலேயே இருந்த ஒரு சாண் கேபிள், குட்டையாக இருக்கிறதே என்று நான்தான் ஓரமாகப் போட்டிருந்தேன். ஒன்று 400 சொச்சம். மீதி ஒன்றில் டேட்டாவே வரவில்லை, சார்ஜ் மட்டும் ஆகிறது. ஒரு சந்தேகம், வேகமான இரண்டுமே குட்டையாக இருக்கின்றன, இது தற்செயலா?

பழையகணினி:

தற்செயல் இல்லை. வேகம் கூடக் கூட சிக்னல் கம்பியில் சீக்கிரம் தேய்ந்துவிடும். 10 ஜிகாபிட்டுக்கு ஏறக்குறைய 1 மீட்டர், 40 ஜிகாபிட்டுக்கு 0.8 மீட்டர், சாதாரணக் கேபிள் என்றால் அதுதான் எல்லை. நீளமாக வேண்டுமென்றால் உள்ளே சிக்னலைத் தூக்கிவிடும் சிப் வைத்த ஆக்டிவ் கேபிள் வாங்க வேண்டும், விலை கூடுதல். சார்ஜுக்கு இரண்டு மீட்டர் கேபிளும் எஸ்எஸ்டிக்கு அந்த ஒரு சாண் கேபிளும் போதுமே. டேட்டா வராத கேபிளையும் தூக்கிப் போடாதீர்கள், பொது இடத்தில் சார்ஜ் போட அதுதான் பாதுகாப்பு, யாரும் அதன் வழியே போனுக்குள் நுழைய முடியாது.

தறிநூல்:

அளந்த கையோடு ஒவ்வொன்றிலும் சின்ன ஸ்டிக்கர் சுற்றி வாட், வேகம் இரண்டையும் எழுதிவிடுங்கள், மறுபடியும் ஒரே டிராயரில்தானே போடப் போகிறீர்கள்.